பெனல்லாவிலிருந்து அப்பாவுக்கு

பெனல்லா, விக்டோரியா, ஆஸ்திரேலியா
தை மாதம்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நல்லா இருக்கேன். நீங்க, அம்மா, தேவனாம்பட்டினத்துல எல்லாரும் சௌக்கியமா? தம்பி அனுப்பின பொங்கப்பானை போட்டோ வந்துது. அன்னிக்கு இங்கே நாற்பது டிகிரி வெயில். நம்ம மார்கழியும் தையும் இவங்களுக்கு நடுக்கோடை.

"எஞ்சினே இல்லாத விமானத்துல என்னடா பந்தயம், காத்து இழுத்த பக்கம் போறதுதானே, எல்லாம் அதிர்ஷ்டம்"னு போன்ல சிரிச்சீங்க. பதில் சொல்றதுக்குள்ள லைன் போயிடுச்சு. அதான் எழுதுறேன்.

எங்க பட்டறையில கணக்கு பார்க்கிற அம்மாவுக்கு அறுபது வயசுக்கு மேல. லீவு நாளானா அந்த எஞ்சின் இல்லாத விமானப் பந்தயம்தான், கிளைடர்னு பேர். நான் கூடமாட உதவிக்குப் போவேன். நீளமான டிரெய்லருக்குள்ள இறக்கை தனியா, உடம்பு தனியா கிடக்கும். காலையில வெளிய இழுத்து மாட்டி, சேர்ற இடுக்குல எல்லாம் வெள்ளை டேப் ஒட்டுவோம். அதுல காத்து பூந்தா வேகம் குறையுமாம். இறக்கையோட முன் விளிம்புல ஒட்டியிருக்கிற செத்த பூச்சியைக்கூட ஈரத்துணியால துடைச்சு எடுக்கணும். இழுவை விமானம் கயிறு கட்டி இழுக்கும்போது இறக்கை நுனியைப் பிடிச்சுக்கிட்டு நாலு எட்டு ஓடுறது என் வேலை. மேல போய் கயிறைக் கழட்டிவிட்டா, அப்புறம் அவங்க பாடு.

வெயில்ல தரை சூடாகி, அதுமேல இருக்கிற காத்து திரண்டு மேல ஏறும். தெர்மல்னு சொல்வாங்க. அதுக்குள்ள வட்டம் போட்டு ஏறணும், அப்புறம் நேரா ஓடி, இறங்கிக்கிட்டே அடுத்ததைப் பிடிக்கணும். 1,000 மீட்டர் உயரம் இருந்தா நல்ல கிளைடர் 40, 50 கிலோமீட்டர் போகும். இப்படியே குறிச்சுக் கொடுத்த இடங்களைச் சுத்தி 300, 400 கிலோமீட்டர் போய்த் திரும்பணும். நம்ம ஊர்ல மத்தியானம் கடக்காத்து ஏறினதும் இதெல்லாம் அடங்கிடும். பெனல்லா கடலை விட்டு நல்லா உள்ள தள்ளி இருக்கு. 1987லயும் 2017லயும் உலகப் போட்டியே இங்கே நடந்திருக்கு.

ஏறுற வேகத்தை இங்கேயும், படகு வேகத்தைச் சொல்ற மாதிரி, நாட்லதான் சொல்றாங்க. ஒரு நாட்னா நிமிஷத்துக்கு சுமார் 100 அடி. 3,000 அடி ஏற, ரெண்டு நாட்ல 15 நிமிஷம், ஆறு நாட்ல 5 நிமிஷம். ரெண்டு நாட் கிடைச்சதுமே புதுசா வர்றவங்க சந்தோஷமா அங்கேயே சுத்துவாங்க. அந்தம்மா நிக்காமப் போயிடுவாங்க. பத்து பாகம் ஆழத்துல கொஞ்சம் காணாங்கத்தை மீன் தட்டுப்பட்டாலும் வலை எறக்காம, டீசலைப் பார்த்துக்கிட்டே இன்னும் வெளிய ஓட்டுவீங்களே, அந்தக் கணக்கு. இவங்களுக்கு டீசல் உயரம்தான்.

இதுக்கு முறையா கணக்குப் போட்டவர் பால் மெக்ரெடின்னு ஒரு அமெரிக்கர். 1956ல பிரான்ஸ்ல உலகச் சாம்பியன் ஆனவர். (1979ல ஒருத்தர் பெடல் மிதிச்சே இங்கிலீஷ் கால்வாயைத் தாண்டின விமானத்தைச் செஞ்சதும் இவர்தான், அது தனிக் கதை.) அடுத்து எத்தனை நாட் கிடைக்கும்னு ஊகிச்சு அந்த நம்பரைக் கருவியில வெச்சா, நடுவுல எவ்வளவு வேகமாப் போகணும்னு அது காட்டும். பலமா கிடைக்கும்னு நம்பினா உயரம் கரைஞ்சாலும் விரட்டலாம், சந்தேகம்னா மெதுவாப் போகணும். இப்ப ஏறிக்கிட்டிருக்கிற வேகம் அந்த நம்பருக்குக் கீழ வந்தா விட்டுட்டுக் கிளம்பணும். வேகத்துல கொஞ்சம் முன்னப்பின்ன இருந்தா பெரிய நஷ்டம் இல்லையாம். சோப்ளாங்கி தெர்மல்ல நின்னாதான் நஷ்டம்.

6,000 அடியில மூணு நாட் கிடைச்சாலும் வேண்டாம்பாங்க, 2,000க்கு வந்துட்டா ஒரு நாட்டையும் கும்பிட்டு வாங்கிப்பாங்க. அந்த மனசு மாறுறது நேரத்தோட நடக்கணும். வானம் சோர்ந்துபோன பிறகும் மத்தியானம் வெச்ச நம்பரையே வெச்சுக்கிட்டு ஓடினவங்கதான் பெரும்பாலும் வயல்ல இறங்குறாங்க.

கிளம்புறது ஒரு பெரிய கூத்து. புறப்படுற கோடு ஒண்ணு இருக்கு, அதை யார் எப்ப தாண்டுறாங்களோ அப்பத்திலிருந்துதான் அவங்க நேரம் ஓடும். முன்னாடி போறவங்க எங்க சுத்துறாங்கன்னு பார்த்து, பின்னாடி வர்றவங்க தேடாமலே நேரா அங்க போய் ஏறிக்கலாம். அதனால முதல்ல போக யாருக்கும் மனசு வராது. ஒரு மணி நேரம்கூட கோட்டுக்கு இந்தப் பக்கமே ஒருத்தரை ஒருத்தர் நோட்டம் விட்டுக்கிட்டுச் சுத்துவாங்க. ரொம்பக் காத்திருந்தாலும் ஆபத்து, சாயங்காலம் தெர்மல் செத்துப்போய் கடைசி 50 கிலோமீட்டர்ல மாட்டிக்கணும். கீழ கழுத்து வலிக்க நிக்கிற எனக்கு, "போங்கம்மா!"ன்னு கத்தத் தோணும்.

இறக்கைக்குள்ள நூறு லிட்டருக்கு மேல தண்ணி வேற ரொப்புவாங்க. கனம் இருந்தா அதே இறக்கத்துல வேகமா ஓடும், ஆனா பலமில்லாத தெர்மல்ல ஏறாது. மேல போய்த் திறந்து விடலாம், திரும்ப ரொப்ப முடியாது. போன பந்தயத்துல நடுவழியில பெரிய மேகநிழல் தரையை மூடிக்கிடந்துச்சாம். முக்கால்வாசிப் பேர் தண்ணியைக் கொட்டிட்டாங்க. அந்தம்மா கொட்டாம, வடக்கே வளைஞ்சு வெயில் விழுற பக்கமாப் போனாங்க. இந்த ஊர்ப் பெரிய கழுகு ஒண்ணு சுத்துறதைப் பார்த்து அதுக்குக் கீழ நுழைஞ்சா, ஆறு நாட்! அன்னிக்கு ரெண்டாவது இடம்.

அன்னன்னிக்கு ஜெயிக்கிறவங்களுக்கு அதிகபட்சம் 1,000 புள்ளி. எல்லா நாளையும் கூட்டித்தான் கடைசி முடிவு. வயல்ல இறங்கினா தூரத்துக்கு மட்டும்தான் புள்ளி, வேகத்துக்கு ஒண்ணும் கிடையாது. அதனால முன்னணியில இருக்கிறவங்க எதிராளி போற கூட்டத்தோடயே ஒட்டிக்குவாங்க. பின்தங்கினவங்கதான் துணிஞ்சு தனியாப் பிரிவாங்க. ஜெர்மனியில பிறந்து இங்கே குடியேறின இங்கோ ரென்னர் 1976, 1983, 1985, 1987னு நாலு தடவை உலகச் சாம்பியன். நாலாவது இதே பெனல்லாவுல. அதிர்ஷ்டம் ஒரே ஆள் வீட்டுக் கதவை நாலு தடவை வந்து தட்டுமாப்பா?

வயல்ல இறங்கினா டிரெய்லரை இழுத்துக்கிட்டு நான்தான் போகணும். திறந்திருந்த கேட்டைத் திறந்தபடி, மூடியிருந்ததை மூடினபடி விட்டுட்டு வரணும், இல்லன்னா ஆடு மாடு கலந்துடும்னு பண்ணைக்காரங்க சத்தம் போடுவாங்க.

சனிக்கிழமை பணம் போட்டிருக்கேன். வலைக்கு எடுத்தது போக மிச்சத்துல தவளக்குப்பம் அரவிந்த் ஆஸ்பத்திரிக்குப் போய் கண்ணைக் காட்டுங்க. மருந்து ஊத்தினா பார்வை மங்கும், தம்பியைக் கூட்டிக்கிட்டுப் போங்க. அம்மாகிட்ட கருவாடு பார்சல் வேண்டாம்னு சொல்லுங்க, இங்கே பிரிச்சுப் பார்த்துத் தூக்கிப் போட்டாலும் போட்டுடுவாங்க.

உங்கள் மகன்
செல்வம்