இந்த வாரம் கேட்க: 2025இல் வந்த மூன்று இசைத்தொகுப்புகள்

நண்பர்களே, சினிமாப் பாட்டு தானாகவே காதில் விழுந்துவிடும். இம்முறை அதற்கு வெளியே போவோம்.

முதலில் பேட் பன்னியின் ‘தெபி திரார் மாஸ் ஃபோத்தோஸ்’. ரெகேட்டோன் (ராப் கலந்த லத்தீன் அமெரிக்க நடன இசை) பாடகர்தானே என்று ஒதுக்கிவிடாதீர்கள். தன் ஊரான புவேர்ட்டோ ரிக்கோ என்ற கரீபியத் தீவின் பிளேனா நாட்டுப்புற இசையையும் சால்சா நடன இசையையும் கையில் எடுத்திருக்கிறார். இதிலுள்ள ‘பைலே இனோல்விதாப்லே’ பாட்டு ஏறத்தாழ ஆறு நிமிட சால்சா. வாசித்திருப்பவர்கள் அந்தத் தீவின் இசைப்பள்ளி இளைஞர்கள். ட்ரம்பெட்டுக்காகவே ஹெட்போன் மாட்டிக் கேட்கலாம்.

அடுத்து ஸ்பெயின் பாடகி ரொசாலியாவின் ‘லக்ஸ்’: லண்டன் சிம்பொனி இசைக்குழுவோடு பல மொழிகளில் பாடுகிறார். கொஞ்சம் கனம்தான், பஸ் பயணத்துக்கு வேண்டாம்.

நியூயார்க்கில் பிறந்து தமிழ்நாட்டில் வளர்ந்த பாடகி கானவ்யாவின் ‘நிலம்’ இரவுக்கு.

இணைப்புகள் கீழே வருகின்றன. கேட்டவர்கள் இரண்டு வரியாவது எழுதுங்கள்; வெறும் கட்டைவிரல் படம் செல்லாது!