இல்லாத தீவின் வரலாறு: தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பி,

உன் நாவலின் கைப்பிரதியைப் படித்து முடித்தேன். பதிலைப் பொதுவில் எழுதட்டுமா என்று கேட்டபோது சரி என்றாய். திட்டு விழும் என்று தெரியாமல் தலையாட்டினாயோ என்னவோ.

அமெரிக்காவின் மேய்ன் மாநிலக் கரைக்கு அப்பால் நீ கற்பனை செய்திருக்கும் தீவில் மனிதர்கள் நன்றாக இருக்கிறார்கள். தபால் நிலையத்துக் கிழவி ஊரார் கடிதங்களை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்கும் இடம் ஒன்றே போதும், உனக்கு எழுத வரும் என்று சொல்வதற்கு. கோளாறெல்லாம் தீவின் வரலாற்றில்தான். 1720இல் ஏழு குடும்பங்கள் ஒரே கப்பலில் வருகின்றன. ஆளில்லாத நிலத்தில் தேவாலயம் கட்டுகின்றன. பிறகு நாட்டில் எந்தப் போர் நடந்தாலும் தீவிலிருந்து ஒரு வீரன் கிளம்பிப் போகிறான். கடைசி அத்தியாயத்தில் புயல் வந்து தீவையே விழுங்குகிறது. நினைவு மலருக்காக ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து எழுதிய வரலாறு போல இருக்கிறது இது. அப்படிப்பட்ட மலர் ஒன்று உன் தீவில் இருக்கட்டும், நல்லதுதான். ஆனால் அது சொல்வதையெல்லாம் கதைசொல்லியான நீயும் நம்பலாமா?

செசபீக் விரிகுடாவில் டாஞ்சியர் என்று ஒரு தீவு இருக்கிறது. வர்ஜீனியா மாநிலத்தைச் சேர்ந்தது, நண்டுபிடிப்பவர்களின் ஊர். 1686இல் ஜான் கிராக்கெட் என்பவர் தம் மகன்களோடு வந்து குடியேறினார் என்பது அங்கே வழிவழியாகச் சொல்லப்படும் கதை. நிலப் பத்திரங்களைப் புரட்டியவர்களுக்கு அப்படி ஒரு தடயமும் கிடைக்கவில்லை. கிராக்கெட் குடும்பம் அங்கே வருவது ஏறக்குறைய நூறு ஆண்டு கழித்து, 1770களில்தான். அதனால் கிராக்கெட் என்ற பெயரின் மதிப்பு தீவில் குறைந்துவிடவில்லை. உன் தீவுக்கும் இப்படி இரண்டு தொடக்கங்கள் வேண்டும்: வாயால் சொல்வது ஒன்று, பத்திரத்தில் இருப்பது ஒன்று. இரண்டுக்கும் நடுவில் விழும் அந்த நூறு ஆண்டில்தான் உன் நாவல் இருக்கிறது.

போர் என்றதும் இதுவும் நினைவுக்கு வருகிறது. அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் 1812இல் தொடங்கிய போரில் டாஞ்சியர் அமெரிக்காவுக்காக வீரர்களை அனுப்பிக்கொண்டிருக்கவில்லை. எதிரிக்கு முகாமாக இருந்தது. 1814இல் பிரிட்டிஷ் கடற்படை அங்கே கோட்டை கட்டி உட்கார்ந்தது. பண்ணைகளிலிருந்து தப்பி வந்த கறுப்பின அடிமைகள் அங்கே பிரிட்டிஷ் சீருடை அணிந்து, தங்களை வைத்திருந்த எஜமானர்களுக்கு எதிராகப் போர்ப்பயிற்சி பெற்றார்கள். தீவின் போதகர் ஜோஷுவா தாமஸ், பால்டிமோரைத் தாக்கக் கிளம்பிய படையினரின் முன் நின்று, உங்களால் அந்த நகரைப் பிடிக்க முடியாது என்று பிரசங்கம் செய்தார் என்பார்கள். படை தோற்றுத்தான் திரும்பியது. கோட்டை இருந்த இடம் இன்று தண்ணீருக்கு அடியில் கிடக்கிறது. இத்தனையும் ஒரு சின்ன மணல்திட்டில் நடந்திருக்கிறது. நீயோ கொடி, முரசு, கண்ணீர் மல்க வழியனுப்பும் தாய் என்று இரண்டு பக்கத்தை நிரப்பியிருக்கிறாய்.

அடுத்தது, அந்த ஆளில்லாத நிலம். மேய்ன் கரையோரத்தில் அப்படி ஒரு நிலத்தைக் காட்டு பார்க்கலாம். அந்த மண்ணின் பூர்வகுடிகளான வபனாக்கி மக்கள் பல நூறு தலைமுறைகளாக அங்கே சிப்பி தின்று ஓடுகளைக் குவித்திருக்கிறார்கள். அந்த ஓட்டுக் குவியல்கள் மேட்டு நிலமாகவே நிற்கின்றன. பொதுவாக அங்குள்ள மண் அமிலத்தன்மை கொண்டது, எலும்பை அரித்துவிடும். சிப்பியின் சுண்ணாம்பு கலந்த இடத்தில் மட்டும் மீன் முள், மான் எலும்பு எல்லாம் அப்படியே கிடைக்கின்றன. உன் முதல் குடும்பம் வீட்டுக்குக் கடைக்கால் தோண்டும்போது மண்வெட்டி எதில் படும் என்று இப்போது யோசி.

இனி மலாகாவுக்கு வருகிறேன். நீ படித்திருக்க வேண்டிய தீவு அதுதான். மேய்னில் நியூ மெடோஸ் ஆறு கடலில் சேருமிடத்தில், ஃபிப்ஸ்பர்க் ஊருக்கு எதிரே இருக்கிறது. சுமார் 40 ஏக்கர். 1860களிலிருந்து கறுப்பரும் வெள்ளையரும் கலந்து மணந்த மீனவக் குடும்பங்கள் அங்கே இருந்தன. அவர்களில் பலர் பெஞ்சமின் டார்லிங் என்ற கறுப்பினத்தவரின் வழிவந்தவர்கள். அவர் 1794இல் பக்கத்துத் தீவு ஒன்றை விலைக்கு வாங்கியவர். கப்பல் உடைந்தபோது எஜமானரைக் காப்பாற்றி விடுதலை பெற்றார் என்று அவரைப் பற்றியும் ஒரு கதை உண்டு. பத்திரம் ஒரு கையில், கதை மறுகையில்; பார்த்தாயா, இங்கேயும் அதே சங்கதி.

மேய்ன் அடங்கிய நியூ இங்கிலாந்துப் பகுதியில் அக்காலத்தில் ஓர் ஊரின் ஏழைகளைத் தாங்குவது அந்த ஊரின் வரிப்பணத்தின் பொறுப்பாக இருந்தது. மீன்பிடித் தொழில் சரிந்து மலாகாவில் வறுமை வந்ததும், அந்தத் தீவு தங்களுடையது இல்லை என்று ஃபிப்ஸ்பர்க்கும் பக்கத்து ஊரான ஹார்ப்ஸ்வெல்லும் மாறி மாறிக் கைகழுவின. 1903இல் சட்டமன்றம் அதை ஃபிப்ஸ்பர்க்கின் தலையில் கட்டியது. ஊர் கொதித்தெழுந்து 1905இல் அதை ரத்துசெய்ய வைத்தது. அத்துடன் தீவு மக்கள் மாநில அரசின் பொறுப்புக்கு வந்தார்கள். அதே காலத்தில் கடற்கரையில் கோடை விடுதிகள் முளைத்துக்கொண்டிருந்தன, நிலத்துக்கு விலை ஏறிக்கொண்டிருந்தது. பத்திரிகைகள் சும்மா இருக்குமா? சீரழிந்த இரத்தம், மூளை வளராத கூட்டம் என்று எழுதித் தள்ளின. தீவு மக்களைக் கேலி செய்து தபால் அட்டைகூட அச்சடித்து விற்றார்கள். மிஷனரிக் குடும்பம் ஒன்று தீவில் பள்ளி நடத்தியதும், பிள்ளைகள் உட்கார்ந்து எழுதப் படிக்கக் கற்றதும் அந்தக் கதைக்கு உதவவில்லை. ஆகவே அவை கதையில் வரவில்லை.

1911இல் ஆளுநர் ஃபிரடெரிக் பிளேஸ்டெட் நேரில் வந்து பார்த்தார். தீவை அரசு வாங்கியது. எட்டுப் பேரை மனவளர்ச்சி குன்றியவர்களுக்கான மாநிலக் காப்பகத்தில் அடைத்தார்கள். மற்றவர்களுக்கு 1912 ஜூலை 1 கெடு. கெடு முடிவதற்குள் பலர் தங்கள் வீடுகளைப் பிரித்து, கடல் வழியாகக் கொண்டுபோய்விட்டார்கள். டிரிப் என்ற குடும்பம் மிதக்கும் வீட்டோடு கரை கரையாக அலைந்தது. எங்கும் ஒதுங்க விடவில்லை. தாய் நோயில் விழுந்தாள். கணவன் புயலில் உதவி தேடிப் படகை வலித்துப் போய்த் திரும்புவதற்குள் அவள் இறந்துவிட்டாள். பள்ளிக்கட்டடத்தை அரசு கழற்றி வேறொரு தீவுக்கு அனுப்பியது. இவ்வளவுக்குப் பிறகும் மனம் ஆறவில்லை போலும்: இடுகாட்டைத் தோண்டி, 17 பேரின் எச்சங்களை ஐந்து சவப்பெட்டிகளில் திணித்து, அந்தக் காப்பகத்தின் இடுகாட்டில் கொண்டுபோய்ப் புதைத்தார்கள். அங்குள்ள கற்களில் பொறித்திருப்பது 1912 நவம்பர், அதாவது குழி மாறிய மாதம்.

தீவில் அதன்பின் யாரும் குடியேறவில்லை. வெளியேறியவர்களின் சந்ததியினர் பல தலைமுறைகளுக்கு அந்த ஊர்ப்பெயரை வாயில் எடுக்கவில்லை, எடுத்தால் அவமானம் என்று. தொல்லியலாளர்கள் பிற்காலத்தில் தோண்டியபோது பொத்தானும் பீங்கான் துண்டும் மீன்பிடிச் சாமான்களும் கிடைத்தன. கரையில் இருந்த மற்ற மீனவர்களைப் போலவே உழைத்துச் சாப்பிட்ட மக்கள் அவர்கள். 2010இல் சட்டமன்றம் வருத்தம் தெரிவித்தது. ஆளுநர் ஜான் பல்டாச்சி தீவுக்கே சென்று மன்னிப்புக் கேட்டார்.

இந்தத் தீவைப் பற்றி அக்காலத்தில் அச்சேறியது பெரும்பாலும் புனைவரலாறுதான். உன்னைப் போலவே யாரோ மேசையில் உட்கார்ந்து ஒரு தீவின் வரலாற்றைப் புனைந்தார்கள். ஒரே வித்தியாசம், அவர்கள் புனைந்த தீவில் ஆட்கள் இருந்தார்கள். உன் நாவலில் அரசாங்கம் ஒரே ஒரு முறை வருகிறது, கலங்கரை விளக்கம் கட்டுவதற்கு. எனக்கு அந்த அத்தியாயத்தில்தான் கோபம் வந்தது.

குடும்பப் பெயர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. இருநூறு பேருக்கு முப்பது குடும்பப் பெயர்கள் வைத்திருக்கிறாய். தீவில் யார் யாரை மணப்பார்கள் என்று நினைத்தாய்? மாசசூசெட்ஸ் மாநிலத்தின் மார்த்தாஸ் வினியர்டு தீவுக்கு 1694இல் வந்த ஜோனதன் லாம்பர்ட் பிறவியிலேயே காது கேளாதவர். உறவுக்குள்ளேயே மணந்து மணந்து, 19ஆம் நூற்றாண்டில் அந்தத் தீவின் சில்மார்க் ஊரில் சுமார் 25 பேருக்கு ஒருவர் காது கேளாதவர் என்ற நிலை வந்தது. அதை யாரும் குறையாகப் பார்க்கவில்லை. காது கேட்பவர்களும் சைகையில் பேசினார்கள், கடலில் படகுக்குப் படகு பேசிக்கொள்ளக்கூட அது வசதியாக இருந்தது. இப்படி ஒன்றை உன்னால் கற்பனை செய்திருக்க முடியுமா? என்னால் முடியாது. பெயர்களை ஐந்தாறாகக் குறைத்துவிடு, மீதியை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

கடைசியாக அந்தப் புயல். எடுத்துவிடு. மேரிலாந்தின் ஹாலண்ட் தீவில் 1910இல் சுமார் 360 பேர் இருந்தார்கள். கடல் மேற்குக் கரையைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்தது. மக்கள் வீட்டைப் பலகை பலகையாகக் கழற்றி, படகேற்றி, பெருநிலத்தில் மறுபடி பூட்டிக்கொண்டார்கள். அங்கே எஞ்சி நின்ற கடைசி வீடு விழுந்தது 2010இல். நூறு ஆண்டு எடுத்துக்கொண்ட ஒரு முடிவை நீ ஒரே இரவில் முடித்துவிடுகிறாய். எந்த வீடு முதலில் கழன்றது, பக்கத்து வீட்டுக்காரன் அன்று உதவிக்கு வந்தானா, வராமல் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தானா என்று எழுது.

ஒன்பதாம் அத்தியாயத்தை அப்படியே தூக்கிவிடு. தபால் கிழவியைத் தொடாதே. ஃபிப்ஸ்பர்க் போல ஓர் ஊரிலிருந்து தீவுக்கு வரும் அரசாங்கக் கடிதத்தை அவள்தான் முதலில் பிரிக்க வேண்டும். அடுத்த வரைவோடு எந்தப் பெயர் எந்த வீட்டில், நிலம் யார் பெயரில் என்று ஒரு தாளில் எழுதி இணைத்து அனுப்பு. அது இல்லாமல் வந்தால் படிக்கமாட்டேன்.

அன்புடன்,
அண்ணன்