எட்டாவது கேள்வியை யார் கேட்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள புரோஸ்டேட் சுரப்பியின் வீக்கம் பற்றி உடல்நலப் பக்கங்களில் வரும் கட்டுரைகள் பெரும்பாலும் சுரப்பியின் அளவில் தொடங்கி, மாத்திரையிலோ அறுவை சிகிச்சையிலோ முடிந்துவிடுகின்றன. அந்தச் சுரப்பியை வைத்துக்கொண்டு ஒருவர் இரவை எப்படிக் கழிக்கிறார், வெளியே கிளம்புமுன் எதையெல்லாம் யோசிக்கிறார் என்பது எழுத்தில் வருவதில்லை. சிறுநீர்ப் பிரச்சினை உள்ளவர்களைப் பராமரிக்கும் செவிலியர்கள் நாங்கள். மருந்துச் சீட்டில் இடம்பெறாத, ஆனால் நோயாளியும் வீட்டாரும் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய சிலவற்றை இங்கே எழுதுகிறோம்.

இந்தத் தொல்லையின் கடுமையை அளக்க உலகெங்கும் பெரும்பாலும் ஒரே வினாத்தாள்தான் பயன்படுகிறது. அதில் ஏழு கேள்விகள்: சிறுநீர் கழித்த பிறகும் மிச்சம் இருப்பது போன்ற உணர்வு, இரண்டு மணி நேரத்துக்குள் மறுபடி போக வேண்டியிருப்பது, விட்டுவிட்டு வருவது, அடக்க முடியாமை, வேகக் குறைவு, முக்க வேண்டியிருப்பது, இரவில் எழுவது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண், மொத்தம் 35. கூட்டினால் 7 வரை லேசானது, 8 முதல் 19 வரை நடுத்தரம், 20-ம் அதற்கு மேலும் கடுமையானது. இந்தக் கூட்டலில் சேராத எட்டாவது கேள்வி ஒன்று தாளின் கடைசியில் இருக்கிறது: 'இப்போது இருக்கும் இதே நிலையில்தான் மீதிக் காலம் முழுவதும் இருக்க வேண்டும் என்றால் உங்களுக்கு எப்படி இருக்கும்?' இதற்கு 0 என்றால் மகிழ்ச்சி, 6 என்றால் தாங்கவே முடியாது. சிக்கல் எதுவும் வராத ஒருவருக்குச் சிகிச்சை தேவையா, எவ்வளவு தேவை என்பதைத் தீர்மானிப்பதில் இந்தப் பதிலுக்குப் பெரும் பங்கு உண்டு. ஸ்கேனில் 80 கிராம் என்று வந்தவர் நிம்மதியாகத் தூங்குவார். 30 கிராம் உள்ளவர் இரவில் ஐந்து தடவை எழுவார். அளவுக்கும் அவதிக்கும் நேரடிக் கணக்கு கிடையாது. ஆனாலும் ஸ்கேன் அறிக்கை கைக்கு வந்ததும் அந்த எட்டாவது கேள்வி பெரும்பாலும் மறந்துபோகிறது. அதைக் கேட்க வேண்டியது எங்கள் வேலை என்றே நினைக்கிறோம்.

கேட்கிற விதமும் முக்கியம். 'சிறுநீர் கழிப்பதில் சிரமம் இருக்கிறதா?' என்றால் பெரும்பாலானவர்கள் 'அதெல்லாம் ஒன்றுமில்லை' என்பார்கள். வயதானால் இப்படித்தான் என்ற எண்ணம் ஒரு பக்கம், கூச்சம் மறுபக்கம். 'ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்கிறீர்கள் ஐயா? வெளியூர்ப் பயணத்தைக் குறைத்துக்கொண்டீர்களா? எங்கே போனாலும் முதலில் கழிவறை எங்கே என்று பார்க்கிறீர்களா?' என்று கேட்டால் உண்மை வரும். மனைவியிடம் தனியாகக் கேட்டால் இன்னும் தெளிவாக வரும், ஏனென்றால் அவருடைய தூக்கமும் சேர்ந்தே கெடுகிறது. புற்றுநோயாக இருக்குமோ என்ற பயத்தை வெளியே சொல்லாமல் வைத்திருப்பவர்களும் உண்டு. சாதாரண புரோஸ்டேட் வீக்கம் புற்றுநோயாக மாறுவதில்லை. ஒரே சுரப்பியில் இரண்டும் தனித்தனியே இருக்கலாம் என்பதால்தான் பரிசோதனை செய்கிறார்கள். இதை ஒருமுறை விளக்கிச் சொன்னாலே பாதி பாரம் இறங்கிவிடும்.

அடுத்தது நோட்டுப் புத்தகம். மூன்று நாட்களுக்கு, ஒவ்வொரு தடவையும் அளவுக் கோப்பையில் பிடித்து, நேரத்தையும் எத்தனை மில்லி என்பதையும் எழுத வேண்டும். குடித்தது எவ்வளவு, எப்போது, அவசரமாக வந்ததா, சொட்டியதா என்பதையும் பக்கத்திலேயே குறிக்க வேண்டும். எந்த ஸ்கேனும் காட்டாததை இந்த மூன்று நாள் கணக்கு காட்டும். உதாரணமாக, ஒருவர் 24 மணி நேரத்தில் 1,800 மில்லி கழிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். படுத்த பிறகு எழுந்து போனதையும் காலையில் முதல் தடவை போனதையும் கூட்டினால் 900 மில்லி வருகிறது. வயதானவர்களுக்கு இரவுப் பங்கு மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால், இரவில் சிறுநீர் உற்பத்தியே அதிகம் என்று பொருள். இந்த இடத்தில் புரோஸ்டேட் மாத்திரையை மட்டும் நம்பினால் ஏமாற்றம்தான். பகல் முழுக்கக் கால்களில் தேங்கிய நீர் படுத்ததும் இரத்தத்துக்குத் திரும்பி, சிறுநீராக வெளியேறுகிறது. இதய பலவீனம், குறட்டையோடு மூச்சுத் தடைபடும் தூக்கநோய், இரவில் தாமதமாகத் தண்ணீர் குடிப்பது ஆகியவையும் காரணமாகலாம். கால் வீக்கம் உள்ளவர் பிற்பகலில் ஒரு மணி நேரமாவது கால்களை உயர்த்தி வைத்துப் படுத்தால் அந்த நீர் படுக்கப் போகும் முன்பே இறங்கிவிடும். நீர் பிரிய மாத்திரை சாப்பிடுபவர், அதை எந்த நேரத்துக்கு மாற்றலாம் என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும். தானாக நிறுத்தக் கூடாது. நாள் மொத்தமே 3 லிட்டருக்கு மேல் போனால் முதலில் சர்க்கரையைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் நூறு மில்லிக்குள்தான் வருகிறது, ஆனால் அடிக்கடி வருகிறது என்றால் அது வேறு கதை: சிறுநீர்ப்பை எரிச்சலடைந்திருக்கலாம், அல்லது காலியாகாமல் மிச்சம் தங்கியிருக்கலாம். மிச்சம் எவ்வளவு என்பதை, சிறுநீர் கழித்தவுடன் எடுக்கும் ஸ்கேன் சொல்லிவிடும்.

அடிக்கடி போக வேண்டியிருக்கிறதே என்று தண்ணீரைக் குறைப்பது பலர் செய்யும் தவறு. சிறுநீர் அடர்த்தியானால் சிறுநீர்ப்பை மேலும் எரிச்சலடையும், மலச்சிக்கல் வரும், இறுகிய மலம் மலக்குடலை அடைத்துச் சிறுநீர்ப் பாதையை மேலும் நெருக்கும். இதயம், சிறுநீரகக் காரணங்களால் அளவு கட்டுப்படுத்தப்பட்டவர்கள் தவிர மற்றவர்கள் நாளைக்கு ஒன்றரை முதல் 2 லிட்டர் வரை குடிக்கலாம். படுப்பதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே பெரும்பகுதியை முடித்துவிட வேண்டும். மாலைக்குப் பிறகு காபி, தேநீர், மது வேண்டாம்.

கழிவறையில் செய்ய வேண்டியவை எளிமையானவை, ஆனால் யாரும் சொல்லித் தருவதில்லை. நின்றபடி முக்குவதைவிட உட்கார்ந்து போவது நல்லது. இடுப்புத் தசைகள் தளரும். போய் முடிந்ததும் உடனே எழாமல், ஓரிரு நிமிடம் இருந்து, சற்று முன்னால் சாய்ந்து இன்னொரு தடவை முயன்றால் மிச்சம் வரும். உடை மாற்றிய பிறகு சொட்டுகிறதே என்று வெட்கப்படுபவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. அந்தச் சொட்டு சிறுநீர்ப்பையிலிருந்து வருவதில்லை. சிறுநீர்க்குழாயின் வளைவில் தேங்கியது. விதைப்பைக்குப் பின்னால் விரல் நுனிகளை வைத்து, மென்மையாக அழுத்தியபடி மேல்நோக்கியும் முன்னோக்கியும் ஆணுறுப்பின் அடிவரை கொண்டுவர வேண்டும். இரண்டு மூன்று தடவை செய்தால் தேங்கியது வெளியே வந்துவிடும். இந்த ஒரு விஷயம் தெரியாமலே பேடு வைத்துக்கொண்டு நடப்பவர்கள் இருக்கிறார்கள் என்பது எங்களுக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

இரவில் எழுபவர் விழுவதுதான் பெரிய ஆபத்து. கட்டிலிலிருந்து கழிவறை வரை தரையில் எதுவும் கிடக்கக் கூடாது, சிறு விளக்கு எரிய வேண்டும். நடை தள்ளாடுபவருக்குக் கட்டிலருகே யூரின் பாட்டில் வைப்பதில் எந்த இழுக்கும் இல்லை. சிறுநீர்ப் பாதையின் இறுக்கத்தைத் தளர்த்தும் டாம்சுலோசின் போன்ற மாத்திரைகள் சாப்பிடுபவருக்கு எழுந்ததும் இரத்த அழுத்தம் இறங்கித் தலைசுற்றலாம். படுக்கையில் எழுந்து உட்கார்ந்து, காலைத் தொங்கவிட்டு, ஒரு நிமிடம் கழித்தே நிற்க வேண்டும்.

மருந்துகளைப் பற்றி இன்னும் சில. டாம்சுலோசின் வகை சில நாட்களிலேயே வேலை செய்யத் தொடங்கும். தினமும் ஒரே வேளை உணவுக்குப் பிறகு சாப்பிட வேண்டும். விந்து வெளியேறுவது குறையலாம், அல்லது இல்லாமலே போகலாம். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால், பயந்துபோய் யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். கண்புரை அறுவை சிகிச்சைக்கு முன் இந்த மாத்திரையைப் பற்றிக் கண் மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும், முன்பு எப்போதோ சாப்பிட்டு நிறுத்தியிருந்தாலும் கூட. அறுவையின் நடுவே கண்ணின் கருவிழித்திரை தளர்ந்து மடங்கி, சிக்கல் உண்டாகலாம். ஃபினாஸ்டரைடு, டூடாஸ்டரைடு வேறு வகை. இவை சுரப்பியையே சுருக்குபவை, பலன் தெரிய ஆறு மாதம் வரை ஆகும். 'ஒரு மாதம் சாப்பிட்டேன், ஒன்றும் இல்லை' என்று நிறுத்தக் கூடாது. புரோஸ்டேட் புற்றுநோய் இருக்குமோ என்று அறிய இரத்தத்தில் பார்க்கும் பி.எஸ்.ஏ. அளவை இவை ஏறக்குறைய பாதியாகக் குறைத்துவிடும் என்பதால், பரிசோதனை முடிவைப் பார்ப்பவருக்கு மாத்திரை சாப்பிடுவது தெரிந்தாக வேண்டும். இல்லையென்றால் உயர்ந்த அளவும் சாதாரணமாகத் தோன்றும். வீட்டில் கருவுற்ற பெண் இருந்தால் உடைந்த மாத்திரையையும் கசியும் கேப்ஸ்யூலையும் அவர் தொடக் கூடாது.

இனி, சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது. சளிக்கென்று வாங்கிச் சாப்பிடும் மாத்திரைதான் பல சமயம் இதைத் தூண்டிவிடுகிறது. மூக்கடைப்பு மருந்தில் உள்ள சூடோஎஃபெட்ரின், ஃபினைல்எஃப்ரின் ஆகியவை சிறுநீர்ப்பையின் வாய்ப்பகுதியை இறுக்குகின்றன. அதே மாத்திரையில் இருக்கும் குளோர்ஃபெனிரமின் சிறுநீர்ப்பைத் தசையைத் தளர்த்துகிறது. ஒன்று கதவைப் பூட்டுகிறது, மற்றது தள்ளும் கையைத் தளர்த்துகிறது. அடிவயிறு உப்பி, வலியோடு ஒரு சொட்டும் வராத நிலை அவசர நிலை. விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. இதைவிடத் தந்திரமானது வலியே இல்லாமல் தேங்குவது. வயதானவருக்குப் புதிதாகப் படுக்கை நனைகிறது என்றால் வயது என்று விட்டுவிடாமல் சிறுநீர்ப்பை நிரம்பி வழிகிறதா என்று பார்க்க வேண்டும். கவனிக்காமல் விட்டால் சிறுநீரகம் பாதிக்கப்படும். திடீரென்று குழம்பிப் பேசும் முதியவருக்கும் அடிவயிற்றைத் தொட்டுப் பார்க்க வேண்டும்.

சிறுநீரை வடிக்கும் குழாயான கதீட்டரைப் போடும்போது நடக்கும் தவறுகள் பெரும்பாலும் அவசரத்தால் வருபவை. மரத்துப்போகச் செய்யும் ஜெல்லை விட்டு மூன்று முதல் ஐந்து நிமிடம் காத்திருக்க வேண்டும். ஆண்களுக்குக் குழாயின் வெளிமுனை இரண்டாகப் பிரியும் இடம் வரை முழுவதும் உள்ளே செலுத்தி, சிறுநீர் வருவதைப் பார்த்த பிறகே, குழாய் நழுவாமல் பிடிக்கும் பலூனில் நீர் ஏற்ற வேண்டும். ஏற்றும்போது வலித்தால் பலூன் சிறுநீர்ப்பைக்குள் போகாமல் புரோஸ்டேட் பகுதிக்குள் இருக்கலாம். உடனே நிறுத்தி, ஏற்றிய நீரை எடுத்துவிட்டு, மேலும் உள்ளே தள்ள வேண்டும். முடிந்ததும் பின்னுக்குத் தள்ளிய முன்தோலைப் பழையபடி முன்னால் கொண்டுவர மறக்கவே கூடாது; மறந்தால் வீங்கி, இறுகி, இரத்த ஓட்டம் தடைபடும். நீண்ட நாள் தேங்கிய சிறுநீரை வெளியேற்றிய பிறகு அடுத்த சில மணி நேரம் கணக்கு எடுக்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து மணிக்கு 200 மில்லிக்கு அதிகமாக வந்தால், உடலின் நீரும் உப்பும் வடிந்துபோகும் ஆபத்து இருக்கிறது. மருத்துவரை அழைக்க வேண்டும்.

கதீட்டரோடு வீடு திரும்புபவருக்கு: குழாயைத் தொடையில் ஒட்டிப் பிடிமானம் கொடுக்க வேண்டும், இழுபட்டால் புண்ணாகும். யூரின் பேக் எப்போதும் சிறுநீர்ப்பையைவிடத் தாழ்வாக, ஆனால் தரையில் படாமல் இருக்க வேண்டும். மூன்றில் இரண்டு பங்கு நிறைந்ததும் காலி செய்ய வேண்டும். குழாயைச் சுற்றி ஒழுகினால் பெரிய குழாய் போட்டால் சரியாகும் என்று நினைப்பது தவறு. குழாய் மடங்கியிருக்கிறதா, அடைத்திருக்கிறதா, மலச்சிக்கல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்; எதுவும் இல்லையென்றால் சிறுநீர்ப்பை இழுத்துப் பிடிப்பது காரணமாக இருக்கலாம். சிறுநீர் கலங்கலாக இருப்பது மட்டுமே ஆன்டிபயாட்டிக் தரக் காரணமாகாது. காய்ச்சல், நடுக்கம், அடிவயிற்று வலி, புதிய குழப்பம் ஆகியவைதான் அடையாளம். போட்ட தேதி, குழாயின் அளவு, பலூனில் ஏற்றிய நீர் எத்தனை மில்லி ஆகிய மூன்றையும் நோயாளியின் கையில் எழுதிக் கொடுக்காமல் அனுப்புவது பொறுப்பற்ற செயல்.

புரோஸ்டேட் அறுவை சிகிச்சைக்குப் பிறகு, இரத்தம் கட்டிவிடாமல் இருக்கக் கதீட்டர் வழியே சிறுநீர்ப்பைக்குள் ஓடும் கழுவுநீரின் வேகத்தை வெளியே வரும் நிறத்தைப் பார்த்து மாற்ற வேண்டும். இளஞ்சிவப்பாக இருந்தால் போதும். உள்ளே போகிறது, வெளியே வரவில்லை, நோயாளி வலியில் துடிக்கிறார் என்றால் இரத்தக்கட்டி அடைத்திருக்கிறது. முதலில் கழுவுநீரை நிறுத்த வேண்டும். வீடு திரும்பி இரண்டு வாரம் ஆகும்போது புண்ணின் பொருக்கு உதிர்ந்து மறுபடி இரத்தம் கலந்து வரலாம். தண்ணீர் கூடுதலாகக் குடித்து ஓய்வெடுத்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும். கட்டிகளாக வந்தாலோ, நின்றுபோனாலோ தாமதிக்கக் கூடாது. தாம்பத்திய உறவில் உச்சம் இருக்கும், விந்து பெரும்பாலும் சிறுநீர்ப்பைக்குள் போய்விடும், அது உடலுக்குத் தீங்கில்லை என்பதை அறுவைக்கு முன்பே கணவன் மனைவி இருவருக்கும் சொல்ல வேண்டும். பின்னால் சொன்னால் அது சமாதானம் போலவே ஒலிக்கும்.

தங்கள் நாளிதழின் உடல்நலப் பக்கத்தில் அந்த எட்டுக் கேள்விகளையும் மதிப்பெண் கட்டங்களோடு, வெட்டி எடுத்துக்கொள்ளும் அளவில் அச்சிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். பக்கத்திலேயே மூன்று நாள் கணக்கு எழுத வெற்றுக் கட்டங்களும் இருந்தால் நல்லது. கூச்சத்தால் வாய் திறக்காதவர்கள் அந்தத் தாளை நிரப்பி, மருத்துவர் முன் நீட்டினால் போதும்.

இப்படிக்கு,
சிறுநீரியல் பிரிவில் பணியாற்றும் செவிலியர்கள்