பச்சை பூட்ஸ் அம்மாவுக்கும் மற்ற எல்லாருக்கும்

இவர் நேற்றுச் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிட்டார். வாசலில் நிறுத்தி ஆரத்தி சுற்றினால், "சீக்கிரம் சுத்து, கழுத்துப் பட்டை அரிக்குது" என்கிறார். மனுஷன் பழையபடி ஆகிவிட்டார் என்று அப்போதுதான் நம்பினேன்.

என்ன நடந்தது என்பது அடிலெய்டில் நம்மவர்களில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேருக்கு அந்தப் பாதிப் பேர் சொல்லியிருப்பீர்கள். அதனால் சைக்கிள் விபத்து நடந்த அந்தத் திருப்பத்தைப் பற்றி மறுபடி எழுதப் போவதில்லை. ஒன்று மட்டும். அது கிளேர் பள்ளத்தாக்கில் நாங்கள் வழக்கமாகச் சைக்கிள் ஓட்டும் ரீஸ்லிங் டிரெயில் பாதையில் நடக்கவில்லை, பக்கத்து மண் சாலையில் நடந்தது. அந்தப் பாதைமேல் பழி விழுந்துவிடக் கூடாது என்று இவர் படுக்கையிலிருந்தே எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்.

முதல் நன்றி யாருக்கோ, அவருக்குத் தமிழ் தெரியாது. அவர் பெயர் எனக்குத் தெரியாது. அந்தப் பாதையோர ஊரான வாட்டர்வேலில் ஒட்டிவைக்கலாம் என்று ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்தேன். 'தேங்க்யூ' என்று ஒரு சொல் எழுதியதும் பேனா நின்றுவிட்டது. பஸ்ஸை விட்டு இறங்கும்போதும் டிரைவரிடம் அதைத்தானே சொல்கிறேன்! அதனால் முதலில் இங்கே தமிழில் எழுதிவிடுகிறேன்.

அம்மா, உங்களுக்கு எழுபது வயது இருக்கும். தொப்பி, பழைய கம்பளிச் சட்டை, முழங்கால் வரைக்கும் பச்சை ரப்பர் பூட்ஸ். அறுவடை முடிந்து இலையெல்லாம் மஞ்சளாகி உதிர்ந்துகொண்டிருந்த தோட்டத்துக்குள்ளிருந்து வந்தீர்கள். அதற்குள் இவரைச் சுற்றி நாலைந்து பேர் கூடியிருந்தார்கள். ஒருவர் அவசர எண்ணான 000-க்குப் பேசிக்கொண்டிருந்தார், ஒருவர் தலையை அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தார், ஒருவர் சாலையில் நின்று வண்டிகளை மறித்தார். எல்லாரும் இவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நியாயம்தானே. நீங்கள் மட்டும் என் காலைப் பார்த்தீர்கள்.

என் காலில் ஷூ இல்லை. பெடலில் மாட்டிக்கொள்ள அடியில் இரும்புக் கட்டை வைத்த சைக்கிள் ஷூ அது. அதைப் போட்டுக்கொண்டு சரளையில் ஓடினால் வழுக்கும். இரண்டு தடவை விழுந்தபின் கழற்றி எறிந்துவிட்டு ஓடியிருக்கிறேன். எறிந்ததுகூட ஞாபகம் இல்லை. மெல்லிய காலுறையோடு சாலையோரப் புல்லில் ஓடியதில் உள்ளங்கால் முழுக்க முள். வேறெந்த முள்ளும் இல்லை, நம் நெருஞ்சி. இங்கே 'கால்ட்ராப்' என்று பெயர் வைத்துக் களை என்று ஒழிக்கப் பார்க்கிறார்கள். செடி அதே செடி, காய் அதே காய். எங்கள் சைக்கிள் டயருக்குள் வெள்ளைப் பால் மாதிரி ஒரு சீலன்ட் ஊற்றியிருப்போம். முள் குத்தினால் ஓட்டையை அதுவே அடைத்துக்கொள்ளும். என் காலுக்கு அந்த வசதி இல்லை.

நீங்கள் என்னைத் தோட்டத்து வண்டியின் பின்பலகையில் உட்காரவைத்தீர்கள். "எனக்கு ஒண்ணுமில்லை, அவரைப் பாருங்கள்" என்று நான் கத்தினேன் போலிருக்கிறது. நீங்கள் பதில் சொல்லவில்லை. என் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு நகத்தாலேயே ஒவ்வொரு முள்ளாகப் பிடுங்கினீர்கள். பெரியவர்கள் நம் காலைத் தொட்டால் பதறுகிற ஊரில் வளர்ந்தவள் நான். அன்றைக்குப் பதறக்கூடத் தெம்பில்லை. ஆம்புலன்ஸ் வந்து, முன்சீட்டில் ஏறச் சொன்னார்கள். நீங்கள் குனிந்து உங்கள் பூட்ஸைக் கழற்றி என் காலில் மாட்டினீர்கள். எனக்கு அது இரண்டு அளவு பெரிது. உள்ளே உங்கள் காலின் சூடு இருந்தது. "ஆஸ்பத்திரித் தரை சில்லென்று இருக்கும், கண்ணு" என்றீர்கள். நீங்கள் சொன்ன ஆங்கிலச் சொல்லுக்கு என் காதில் விழுந்த தமிழ் 'கண்ணு'தான்.

வண்டி திரும்பும்போது கண்ணாடியில் பார்த்தேன். சாம்பல் நிறக் காலுறையோடு, நெருஞ்சி கிடந்த அதே ஓரத்தில், தோட்டத்துக்குத் திரும்பி நடந்துகொண்டிருந்தீர்கள். நிதானமாக, ஒவ்வோர் அடியாகப் பார்த்து வைத்து.

அந்தப் பூட்ஸோடுதான் அடிலெய்டு வந்தேன், நூறு கிலோமீட்டருக்கு மேல். அதோடுதான் தீவிர சிகிச்சைப் பிரிவு வாசலில் நடந்தேன். மறுநாளே ஒரு தங்கை செருப்பு கொண்டுவந்து கொடுத்தாள். வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டேன். ஏன் மாற்றவில்லை என்று கேட்காதீர்கள், எனக்கே தெரியவில்லை. நடக்கும்போது 'தொப் தொப்' என்று சத்தம் வரும். காய்ந்த செம்மண் உதிரும். துப்புரவுப் பணியாளர் ஒருவர் தினமும் பின்னாலேயே பெருக்கிக்கொண்டு வந்தார், ஒரு நாளும் முகம் சுளிக்கவில்லை. அவருக்கும் இங்கேயே ஒரு நன்றி.

நான்காம் நாள் இவர் கண் விழித்தார். முதலில் பார்த்தது என் முகத்தை இல்லை, பூட்ஸை. பிறகு மெதுவாகக் கேட்டார்: "என்னையும் ஒட்டகம் சுட்டுருச்சா?"

பக்கத்தில் இருந்த செவிலிக்குப் பயம், மூளையில் ஏதோ கோளாறு என்று. நான்தான் சிரித்து, அழுது, விளக்கவேண்டியிருந்தது. அன்று காலை, பாதையோர ஊரான பென்வொர்த்தத்தின் கல்லறையில் ஜான் ஹாரக்ஸ் கதையை இவர் எனக்குச் சொல்லியிருந்தார். 1846-ல் நிலம் தேடி வடக்கே போன மனிதர். கூடவே போன ஒட்டகம் ஆடி அசைந்ததில் துப்பாக்கி வெடித்து, விரலும் பல்லும் போய், சில வாரத்தில் இறந்தும் போனார். சாவதற்கு முன் அந்த ஒட்டகத்தைச் சுடச் சொன்னாராம். பென்வொர்த்தம்தான் பாதையில் உயரமான இடம். 'இனி ரெண்டு பக்கமும் இறக்கம்தான்' என்று இவர் சந்தோஷமாகச் சொன்னதும் அங்கேதான்.

இவர் கம்பத்துக்காரர். பந்தலுக்குக் கீழே நிழலில் நடந்து, தலைக்குமேல் தொங்கும் பன்னீர் திராட்சையைப் பறித்துத் தின்று வளர்ந்தவர். இங்கே இடுப்பளவுக் கம்பியில் வரிசை வரிசையாக நிற்கும் கொடியைப் பார்த்தால் "பாவம், வெயில்ல நிக்குது" என்பார். வைன் குடிக்கிற வழக்கம் இல்லை. ஆனாலும் மாதம் ஒரு ஞாயிறு ஆபர்னில் காரை நிறுத்திவிட்டு, கிளேர் தாண்டிப் போகும் அந்த முப்பது கிலோமீட்டருக்கு மேற்பட்ட சரளைப் பாதையில் உருட்டவேண்டும். அது பழைய ரயில் தடம். 1983 பிப்ரவரி காட்டுத்தீ பாதையைச் சேதப்படுத்தியபின் ரயில் நின்றுபோயிற்று. ரயிலுக்காகப் போட்ட தடம் என்பதால் ஏற்றம் ஏறுவதே தெரியாது. கார் சத்தம் கிடையாது. டயருக்கடியில் நறநறவென்று கல், எங்கோ ஒரு கிளி. அவ்வளவுதான். அந்த அமைதிக்குத்தான் போவோம். அந்த அமைதியில் உதவிக்கு யார் வருவார்கள் என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை.

மற்றவர்களை ஒரே மூச்சில் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். தொலைபேசியைக் கடைசிவரை வைக்காத தம்பதி. ஆம்புலன்ஸில் வந்தவர்கள். இந்த மாநிலத்துச் சிற்றூர்களில் அந்த வேலையைப் பலர் சம்பளம் வாங்காமல் செய்கிறார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பகலும் இரவும் பார்த்துக்கொண்ட செவிலியர், மருத்துவர்கள். இரண்டு சைக்கிளையும் துடைத்து வீட்டு வாசலில் விட்டுப்போன, முகம்கூடக் காட்டாத பையன்கள். செவன்ஹில் கோவில்வரை போய் மெழுகுவத்தி ஏற்றிய நாகர்கோவில் அக்கா. மகனைப் பள்ளிக்குக் கூட்டிப்போனவர்கள். தமிழ்ப் பள்ளிப் பெற்றோர்கள் முறைவைத்து அனுப்பிய சாப்பாடு. ஒரே குறை, எல்லாருமே சாம்பார் அனுப்பினீர்கள். மகன் இப்போது முருங்கைக்காயைக் கண்டால் வேறு அறைக்குப் போய்விடுகிறான்.

சைக்கிளை விற்றுவிடுவது என்று ஆஸ்பத்திரி நாற்காலியில் சபதம் போட்டேன். இவர் நேற்று ராத்திரி டயரை அழுத்திப் பார்த்து "காத்து கொஞ்சம் இறங்கியிருக்கு" என்றபோது சபதமும் கொஞ்சம் இறங்கிவிட்டது. அதற்குப் பதில் வேறொன்று: இனி எங்கே போனாலும் சைக்கிள் பையில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு இருக்கும். எனக்கு இல்லை. வழியில் யாருக்காவது.

அம்மா, பூட்ஸ் இன்னும் என் வாசலில் இருக்கிறது. கழுவட்டுமா என்று கேட்டேன், இவர் "எங்க ஊர் மண்ணு மாதிரியே இருக்கு, விடு" என்கிறார். ஊரிலிருந்து மாமியார் போனில் வேறு சொல்கிறார்: "இரவல் வாங்கினதை வெறுமனே திருப்பிக் கொடுக்கக்கூடாது தாயி. பாத்திரமா இருந்தா என்ன, பூட்ஸா இருந்தா என்ன, உள்ள ஏதாச்சும் போட்டுக் குடு."

செப்டம்பரில் கொடி துளிர்க்கும்போது காரில் வருகிறோம். வாட்டர்வேலில் வீடு வீடாகக் கதவைத் தட்டியாவது உங்களைக் கண்டுபிடிப்பேன். ஒரு பூட்ஸில் அதிரசம் இருக்கும், நன்றாகச் சுற்றித்தான் வைப்பேன், பயப்படாதீர்கள். இன்னொன்றில் இரண்டு ஜோடி கம்பளிக் காலுறை. சாம்பல் நிறம்தான் வாங்கியிருக்கிறேன்.