ஓடை மீனுக்கு லட்ச ரூபாய்த் தூண்டில் வேண்டியதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த ஜப்பான் பயணக் கட்டுரையை வேலைக்குப் போகும் வழியில் படித்தேன். டோக்கியோவுக்கு மேற்கே மலையோடைகளில் ட்ரவுட் பிடிப்பதைப் பற்றி எழுதியவர், லட்ச ரூபாய்க்குக் குறைந்து சாமான் கிடைக்காது, அது வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்கு என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அந்த ஓடைகளுக்கு ரயிலில் முக்கால் மணி நேரம்கூட ஆகாத ஓமே நகரில் ஒன்பது வருடமாக இருக்கிறேன். அச்சு செய்யும் பட்டறையில் லேத் வேலை. நான் இப்போது ஓடைக்கு எடுத்துப் போகும் தூண்டில் சாமான் மொத்தமும் சேர்த்து 16,400 யென், நம்ம ஊர்ப் பணத்தில் பத்தாயிரம் ரூபாய்க்குள். அந்த வரியைப் படித்து யாரும் ஆசையை விட்டுவிடக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் அம்பாசமுத்திரத்துக்காரன். தாமிரபரணியில் அப்பாவோடு மண்புழுவும் தக்கையும் வைத்துக் கெளுத்தி பிடித்துப் பழகியவன். இங்கே வந்த முதல் வருடம், அந்தப் பழக்கத்தை நம்பி ஒரு கடையில் போய் ஓடைக்கு ரீல் கேட்டேன். பெரிய பாஸ் மீனுக்கான பெய்ட்காஸ்டிங் ரீல் ஒன்றைப் புதிதாகத் தலையில் கட்டிவிட்டார்கள். அதில் ஸ்பூன் என்னும் 3 கிராம் தகட்டு இரையைக் கட்டி வீசினால் காலடியிலேயே விழுந்தது. ஓங்கி வீசினால், நரம்பு சுற்றியிருக்கும் உருளையான ஸ்பூலில் தங்கூசி நரம்பு பந்தாகச் சிக்கிக்கொண்டது. பாலத்தடியில் உட்கார்ந்து ஊசியால் சிக்கெடுத்ததிலேயே அந்த ஞாயிற்றுக்கிழமையின் பாதி போயிற்று.

ஏன் அப்படி ஆனது என்பதைப் பட்டறையில் என்னோடு வேலை செய்யும் பெரியவர் ஒருவர்தான் காட்டிக்கொடுத்தார். சாப்பாட்டு நேரத்தில் என் ரீலைப் பிரித்து, அதன் ஸ்பூலைக் கிராம் தராசில் வைத்தார். நரம்பு இல்லாமலே 15 கிராம். பிறகு தன் பையிலிருந்த சிறு ஸ்பூலை வைத்தார். 8 கிராம். பெய்ட்காஸ்டிங் ரீலில் வீசும்போது ஸ்பூலே சுழல வேண்டும். அதைச் சுழற்றுவது பறந்து போகும் இரைதான். 3 கிராம் இரையால் 15 கிராம் உருளையைச் சட்டென்று கிளப்ப முடியாது. கிளம்பிவிட்டால் அப்புறம் அது லேசில் நிற்காது. இரை வேகம் குறைந்த பிறகும் ஸ்பூல் சுற்றிக்கொண்டே நரம்பை வெளியே தள்ளும், அதுதான் சிக்கு. லேத்தில் சுழலும் கனத்த பிடிப்பானை நிறுத்திப் பார்த்தவனுக்கு இதைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை. எடை நடுவில் இருப்பதைவிட விளிம்பில் இருந்தால் இன்னும் மோசம்.

ஆகவே காசு போக வேண்டிய இடம் ஸ்பூல். ஷிமானோவின் ஆல்டெபரான் BFS, டைவாவின் ஆல்ஃபாஸ் ஏர் என்று இதற்காகவே செய்த ரீல்கள் இருக்கின்றன, நல்ல சரக்குதான், விலையும் அதற்கேற்றபடி. கட்டுரையாளர் பார்த்த விலை அதுவாகத்தான் இருக்கும். நான் பழைய சாமான் கடையில் 4,500 யென்னுக்கு, மேலெல்லாம் கீறல் விழுந்த, ஆனால் உள்ளே பல்சக்கரம் தேயாத ஒரு ரீலை எடுத்தேன். அதற்குப் பொருந்தும் ஆழம் குறைந்த மெல்லிய ஸ்பூல் தனியாக 6,000 யென். கம்பு, ஐந்தடி கண்ணாடியிழை, பழையது, 3,800. 4 பவுண்டு இழுவை தாங்கும் நைலான் நரம்பு 900. ஐந்து சென்டிமீட்டர் நீளமுள்ள, மூழ்கும் மீன் பொம்மைகள் மூன்று, அவையும் பழையவை, 1,200. கணக்கு அவ்வளவுதான்.

நரம்பை 40 மீட்டருக்கு மேல் சுற்றாதீர்கள். நான்கைந்து மீட்டர் அகல ஓடையில் அதற்கு மேல் எங்கே வீசப் போகிறோம்? நரம்புக்கும் எடை உண்டு, அதையும் சேர்த்துத்தான் இரை சுழற்ற வேண்டும். பேரிங்கில் கம்பெனி வைத்த கிரீஸைக் கழுவிவிட்டு மெல்லிய எண்ணெய் ஒரே சொட்டு விடுங்கள். ஸ்பூல் மிஞ்சிச் சுற்றாமல் தடுக்கும் காந்த பிரேக்கை முதலில் இறுக்கமாக வைத்து, கை பழகப் பழகத் தளர்த்துங்கள். கார்பன் கம்பைவிடக் கண்ணாடியிழைக் கம்பு விலை குறைவு என்பது மட்டுமல்ல, லேசான இரைக்கும் அடிவரை வளையும். அந்த வளைவுதான் இரையை எறிகிறது.

வீசும்போது ஸ்பூல் சுழலாத ஸ்பின்னிங் ரீல் போதாதா என்று கேட்பீர்கள். போதும். புதிதாகத் தொடங்குகிறவருக்கு அதுதான் இன்னும் மலிவு, சிக்கும் குறைவு. எனக்கு இது ஏன் வேண்டும் என்றால், கட்டைவிரலுக்காக. நிப்பாரா ஆற்றில் போன மே மாதம் ஒரு பாறைக்குக் கீழே சின்னக் கசம், அண்டாவின் வாயளவு. தலைக்கு மேலே கிளைகள். கையைத் தாழ்த்தி, தண்ணீரை ஒட்டி வீசி, இரை பாறைக்கு ஒரு சாண் முன்னால் வரும்போது ஸ்பூலில் விரலை வைத்தேன். சத்தமில்லாமல் இறங்கியது. விழுந்த நொடியே சுற்றத் தொடங்கலாம், ஸ்பின்னிங் ரீலைப் போலக் கம்பியை மடக்கும் வேலை கிடையாது. இரண்டாவது சுற்றில் கொத்தியது. யமாமே என்ற ஓடை மீன், ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவு. அதன் விலாவில் வரிசையாக நீலச்சாம்பல் தடங்கள், பத்திரத்தில் மை தொட்டுப் பெருவிரல் வைத்த மாதிரி. கையை நனைத்துக்கொண்டு தண்ணீருக்குள்ளேயே முள்ளை எடுத்தேன். எல்லா முள்ளிலும் எதிர்க்கூரைக் குறடால் நசுக்கி வைத்திருப்பதால் ஒரு திருப்பில் கழன்றுவிட்டது. பாறை நிழலுக்குள் அது போவதை நின்று பார்த்தேன்.

யமாமேயும், வெள்ளைப் புள்ளி போட்ட இவானாவும் இந்த மலைகளின் சொந்த மீன்கள். ரெயின்போ ட்ரவுட் 1877இல் அமெரிக்காவிலிருந்து வந்தது. நீலகிரியில் அவலாஞ்சி குஞ்சுப் பொரிப்பகத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த மீன் தெரிந்திருக்கும். அங்கும் அது வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்டதுதான்.

கட்டுரையில் எனக்கு உண்மையிலேயே வருத்தம் தந்தது விலை இல்லை. அனுமதிச் சீட்டைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை என்பதுதான். இங்கே ஓடையில் தூண்டில் போட, அந்த ஆற்றின் மீனவர் கூட்டுறவுச் சங்கத்திடம் சீட்டு வாங்க வேண்டும். பல இடங்களில் பக்கத்துப் பலசரக்குக் கடையிலேயே கிடைக்கும். 1949ஆம் ஆண்டின் மீன்பிடிச் சட்டப்படி, ஆற்றில் உரிமை பெற்ற சங்கம் மீனைப் பெருக்கவும் கடமைப்பட்டது. குஞ்சு விடுவது, முட்டையிடும் இடங்களைச் சரிசெய்வது எல்லாவற்றுக்கும் அந்தச் சீட்டுப் பணம் உதவுகிறது. ரீலில் மிச்சம் பிடியுங்கள், இதில் பிடிக்காதீர்கள். அதே மாதிரி செருப்பிலும் வேண்டாம். அடியில் கம்பளி ஒட்டிய காலணி இல்லாமல் பாசிப் பாறையில் இறங்கி வழுக்கி விழுந்து, எனக்கு மணிக்கட்டு பிசகி மூன்று வாரம் லேத்தில் நிற்க முடியவில்லை. கரடி நடமாட்டமும் உண்டு, பையில் ஒரு மணி தொங்கட்டும்.

அக்டோபர் முதல் பிப்ரவரி வரை இந்தப் பக்கத்து ஓடைகளில் யமாமே, இவானா பிடிக்கத் தடை. முட்டையிடும் காலம். கட்டுரையைப் படித்துவிட்டு நவம்பரில் இலைச் சிவப்புப் பார்க்க வருகிறவர் தூண்டிலோடு இறங்கினால் தப்பு அவர்மேல் விழும். சீட்டையும் தடைக் காலத்தையும் அடுத்த இணைப்பில் இரண்டு வரி போட்டுவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். இடமிருந்தால் என் 16,400 யென் கணக்கையும் சேர்த்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
அம்பாசமுத்திரம் வாசகர்,
ஓமே, டோக்கியோ