ஈரம் இல்லாத மண்ணும் ஏறும் வெப்பமும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பட்டர்வொர்த்தில் எங்கள் வீட்டு முற்றத்தில் பாதி சிமெண்டு, பாதி வாழை நிற்கும் மண். மத்தியானம் மூன்று மணிக்குச் சிமெண்டில் வெறுங்காலோடு நிற்க முடியாது. காலையில் தண்ணீர் ஊற்றிய வாழையடியில் தாராளமாக நிற்கலாம். இரண்டுக்கும் ஒரே வெயில்தான். ஈரமண்ணில் விழும் வெப்பத்தில் பெரும்பங்கு நீரை ஆவியாக்குவதிலேயே செலவாகிவிடுகிறது.

வறண்ட நாடுகள் வேகமாகச் சூடாவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். மத்திய கிழக்கு உலகச் சராசரியைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு வேகத்தில் சூடேறுகிறது. கரியமில வாயு எங்கும் பரவித்தான் இருக்கிறது. ஆனால் அங்கே ஆவியாக மண்ணில் ஈரமில்லை. அப்புறம் இன்னொன்று: காய்ந்த காற்றில் நீராவி கொஞ்சம் கூடினாலே, வெளியேற வேண்டிய வெப்பத்தை அது பிடித்துவைத்துக்கொள்கிறது. 2024 ஜூனில் ஹஜ் சமயத்தில் மெக்காவில் 51.8 டிகிரி, 1,300 பேருக்கு மேல் இறந்தார்கள். அந்தச் செய்தியைப் படித்த அன்று மனசே ஆறவில்லை.

மனிதர் கையால் ஆனதும் உண்டு. பருத்திக்காக ஆறுகளைத் திருப்பியதில், 1960-களிலிருந்து மத்திய ஆசியாவின் பெரிய ஏரியான ஏரல் கடல் வற்றியது. அதன் கரையோரக் கோடை முன்பைவிடக் கடுமையானது.

நமக்குத்தான் மழை உண்டே என்று இருந்துவிட முடியாது. நம் மலேசியாவின் பெர்லிஸ் மாநிலத்தில், சுப்பிங்கில் 1998 ஏப்ரலில் 40.1 டிகிரி பதிவானது. நாமோ வீடு வாங்கியதும் முற்றம் முழுக்கச் சிமெண்டு போடுகிறோம், இலை கொட்டுகிறது என்று மாமரத்தை வெட்டுகிறோம். புதிய வீடமைப்புத் திட்டங்களில் முற்றத்தில் ஒரு பகுதியையாவது மண்ணாகவே விட வேண்டும் என்று மாநகர் மன்றங்கள் கட்டாயமாக்க வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர்,
பட்டர்வொர்த், பினாங்கு