முறைத்த பெண்ணும் முப்பத்தெட்டு ஸ்லைடும்

அல்சூர், பெங்களூரு
ஞாயிறு மாலை

அன்புள்ள தோழிக்கு,

ஏட்டி, நல்லா இருக்கியா? உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலையா? இங்கே விடாத தூறல். காயப்போட்ட துணி காயவே மாட்டேன் என்கிறது.

போன வாரம் முதலாண்டுப் பிள்ளைகளுக்கு நூலக அறிமுக வகுப்பு. முப்பத்தெட்டு ஸ்லைடு இல்லாமல் நான் வகுப்புக்குள் கால் வைக்கமாட்டேன் என்று உனக்குத்தான் தெரியுமே. அன்றைக்குப் பார்த்துக் கரண்ட் போய்விட்டது. அறுபது பேர், ஐம்பது நிமிடம், கையில் ஒரு சாக்பீஸ். கட்டுரை தேடும்போது சொற்களுக்கு நடுவில் போடும் ‘ஆண்ட், ஆர், நாட்’ மூன்றையும் போர்டில் எழுதினேன்: இரண்டும் வேண்டும், ஏதாவது ஒன்று போதும், இது வேண்டாம். பாதிப் பேர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

என்ன தோன்றியதோ, “கன்னடம் தெரிந்தவர்கள் எழுந்திருங்கள்” என்றேன். முக்கால்வாசி வகுப்பு எழுந்தது. “கன்னடம் ஆண்ட் தமிழ்” என்றதும் பதினைந்து பேர்தான் மிஞ்சினார்கள். “ஆர்” என்றேன், மடமடவென்று பெஞ்சுச் சத்தம். அப்புறம் “கன்னடம் நாட் தமிழ்”. அந்தப் பதினைந்து பேரும் உட்கார வேண்டும். முன்பெஞ்சில் ஒரு பெண் மட்டும் உட்காரவில்லை. தமிழிலேயே கேட்டாள்: “மேம், எனக்குக் கன்னடம் நல்லாவே வரும். தமிழும் தெரிஞ்சதுக்காக நான் ஏன் உட்காரணும்?”

நாட் போட்டால் வேண்டாததோடு வேண்டியதும் சேர்ந்து போய்விடும் என்று பதினெட்டு வருஷமாகச் சொல்லி வருகிறேன். அவள் முறைத்துக்கொண்டு நின்ற மாதிரி எந்த ஸ்லைடும் அதைச் சொன்னதில்லை.

மறுநாள் அடுத்த பிரிவில் அதையே செய்தேன். ஊசிப்போன வடைதான். சொன்னபடி எழுந்தார்கள், சொன்னபடி உட்கார்ந்தார்கள். யாராவது முறைக்கமாட்டார்களா என்று நான்தான் காத்துக்கொண்டு நின்றேன்.

சரி என்று, “உங்களுக்கு என்ன தேட வேண்டும்?” என்று கேட்டேன். “பெல்லந்தூர் ஏரி நுரை” என்றான் ஒருவன். அன்றைக்குக் கரண்ட் இருந்தது. திரையில் எல்லோரும் பார்க்க, ‘பெங்களூரு’ என்று ஊர்ப் பெயரையும் நுரையையும் அடித்தேன். உருப்படியாக ஒரு கட்டுரைகூட வரவில்லை. “மேமுக்கே வரல” என்று பின்னாலிருந்து ஒரு குரல். காது சூடாகிவிட்டது. மனசில் ஓடியதை அப்படியே வாய்விட்டுச் சொன்னேன்: நுரை என்று நாம் சொல்வதை ஆராய்ச்சி செய்கிறவர் என்னவென்று எழுதுவார்? பி.யு.வில், அதாவது இங்கத்திய பிளஸ் டூவில், கெமிஸ்ட்ரி படித்த பையன் “சர்ஃபேக்டன்ட்” என்றான், சோப்பில் நுரை வரவைக்கும் பொருள். அப்புறம்தான் எனக்கு உறைத்தது, ஊர்ப் பெயர் அதிகாரபூர்வமாக மாறியதே 2014 நவம்பரில். அதற்கு முந்தைய ஆங்கிலக் கட்டுரைகளில் ‘பேங்களூர்’ என்றுதானே இருக்கும்? நுரைக்குப் பதில் சர்ஃபேக்டன்ட், ஊருக்கு இரண்டு பெயரையும் நடுவில் ஆர் போட்டு அடித்தோம். திரை நிறைய வந்தது. இத்தனை வருஷம் இந்த ஊரிலேயே இருந்துகொண்டு, ஆருக்கு இப்படி ஓர் உதாரணம் எனக்குத் தோன்றியதே இல்லை பார்.

இந்திய நூலகவியலின் தந்தை என்கிறார்களே, நம்ம சீர்காழிக்காரர் ரங்கநாதன், அவர் 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராவதற்கு முன்பு கணக்கு வாத்தியார். கடைசியில் 1972-இல் கண்மூடியது இதே பெங்களூரில். அவரிடம் ஏது ஸ்லைடு?

இப்போது ஒன்பதாகக் குறைத்திருக்கிறேன். கடைசி இருபது நிமிடம் காலி. அதில் என்ன நடத்தப்போகிறீர்கள் என்று கல்லூரியில் எழுதிக் கேட்டார்கள். ‘தேடல் பயிற்சி’ என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். முறைத்த பெண் தினமும் நூலகத்துக்கு வருகிறாள். இன்னும் சிரிக்கவில்லை.

பூஜை லீவுக்கு ஊருக்கு வருகிறேன். உன் ஏழாம் வகுப்பை ஒருநாள் எனக்குக் கொடு.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்